இரண்டு மஞ்சள் அட்டையும் சைரனின் தொண்டையும்

சைரன் என்ற பட்டப்பெயரை, கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே கால்பந்து அணிப் பெண்கள் ஒருமனதாக அவளுக்கு வைத்துவிட்டார்கள். விடுதி மாடியில் நின்று "என் சோப்பை எவடி எடுத்தது?" என்று அவள் கேட்டால், எதிர்த்தெரு பேங்க் வாசலில் நிற்கும் காவலாளி தன் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். அப்படி ஒரு தொண்டை!

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மாடியில் வீடு, கீழே அப்பாவின் லேத் பட்டறை. காலையில் மெஷின் ஓட ஆரம்பித்தால் அடுக்களையில் டம்ளர்கள் தானாக நகரும். அந்த வீட்டில் உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்கவேண்டும். அம்மாவும் மகளும் தொண்டையை நம்பிப் பிழைத்தார்கள். அப்பா கையை நம்பினார். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் மெதுவாக ஓட்டு, முஷ்டியை மடக்கினால் நிறுத்து. இரண்டு கைகளையும் விரித்துத் தன் பக்கமாக வாரி இழுத்தால் "அங்கே நிக்காதே, வெளியே வா" என்று அர்த்தம். மெஷினை நிறுத்திய பிறகும் மனிதர் வாயைத் திறக்கமாட்டார். மகளுக்கு அப்பாவின் கை எப்போதும் நினைவிருந்தது, குரல்தான் எப்படி இருக்கும் என்று சட்டென நினைவுக்கு வராது.

கல்லூரி அணியில் சைரன் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்குப் பூட்டு என்று பெயர், அவளைத் தாண்டிப் பந்து போகாது. பூட்டு நன்றாக ஆடும்வரை சைரனுக்கு என்ன வேலை? பெஞ்சில் உட்கார்ந்து ஈ ஓட்டுவதுதான். ஆனால் சும்மா ஓட்டவில்லை. பந்து எங்கே வரும், யார் எங்கே நிற்கவேண்டும் என்று அத்தனையும் பெஞ்சிலிருந்தே கத்திச் சொல்லுவாள். கடைசி வருடமும் வந்துவிட்டது. தேசிய அளவில் கல்லூரிப் பெண்களுக்கான கால்பந்துப் போட்டி, அதற்கு அணி தேர்வாகியும் விட்டது. ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும், அதை அப்பா நேரில் பார்க்கவேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான், பேராசை எல்லாம் இல்லை.

காலிறுதியில் முதல் வினை வந்தது. எதிரணிப் பெண் ஆஃப்சைடில் நிற்க, கோட்டோரம் கொடியோடு ஓடும் நடுவர் பேசாமல் இருந்தார். சைரனுக்குப் பொறுக்குமா? "சார், அந்தக் கொடி என்ன, துவைச்சுக் காயப்போட்டதா? தூக்குங்க சார்!" என்றாள். மைதானமே சிரித்தது. விசிலோடு நின்ற தலைமை நடுவர் மட்டும் சிரிக்காமல் வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டுப் போனார்.

அரையிறுதியில் அணி சுகமாக முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் பூட்டு ஒரு பந்தைக் குத்தி வெளியேற்றிவிட்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். விரல் வாழைப்பழமாய் வீங்கிவிட்டது. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கோச் மேடம் மெல்ல சைரன் பக்கம் சாய்ந்து, "ஃபைனலுக்கு அவளால முடியாது. நீதான் நிக்கணும்" என்றார்.

மெதுவாகச் சொல்லவேண்டியதை மெதுவாகத்தான் சொன்னார். கேட்டவள் அப்படியா கேட்டுக்கொண்டாள்? பெஞ்சிலிருந்து துள்ளி, கோட்டைத் தாண்டிக் குதித்து "ஆஆஆ!" என்று ஒரு கூவல். அதே நேரத்தில் எதிரணிப் பெண் ஃப்ரீகிக் அடிக்கக் காலை ஓங்கியிருந்தாள். பயந்துபோய் அவள் அடித்த அடியில் பந்து கூரைக்கு மேலே பறந்தது. வேண்டுமென்றே மிரட்டியதாக நினைத்த நடுவர் மறுபடி மஞ்சள் அட்டையோடு வந்தார்.

அட்டையாவது ஒன்றாவது! சைரனுக்குத் தலைகால் புரியவில்லை. விசில் ஊதியதும் ஓடிப்போய் அப்பாவுக்கு போன் போட்டாள். "அப்பா! ஃபைனல்ல நான் ஆடுறேன்! உடனே கிளம்பி வாங்க!" மெஷின் நிற்கும் சத்தம் கேட்டது. "சரிம்மா" என்றார். அவர் பேச்சில் அதுவே நீளம்.

சந்தோஷத்தில் குளித்து, தலை துவட்டிக்கொண்டு வந்தவள் எதிரே கோச் மேடம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "இந்தப் போட்டியில ரெண்டு மஞ்சள் அட்டை வாங்கினா அடுத்த ஆட்டம் கிடையாதாம். இப்பதான் வந்து சொல்லிட்டுப் போறாங்க. ஏண்டி, அந்த வாயைக் கொஞ்ச நேரம் மூடி வச்சிருக்கக் கூடாதா?"

ஆடப்போகிறாய் என்ற செய்தியைக் கேட்டுக் கத்தியதால் ஆட முடியாமல் போனது! இப்படி ஒரு கூத்து வேறு யாருக்காவது நடக்குமா? அப்பாவைத் திருப்பி அனுப்பலாம் என்று போனை எடுத்தாள். "பஸ்ல ஏறிட்டேன்மா" என்றார். அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டுத் துண்டில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

இறுதி ஆட்டத்துக்கு வேறு வழியில்லாமல், தடுப்பாட்டக்காரி ஏணிக்குக் கையுறை மாட்டினார்கள். நல்ல உயரம், அதுதான் அவளுக்கிருந்த ஒரே தகுதி. சைரனைப் பெஞ்சில்கூட உட்கார விடவில்லை. கோலுக்குப் பின்னாலிருந்த பார்வையாளர் படிகளில் போய் ஒண்டிக்கொண்டாள். அப்பா அங்கேயே அவளைக் கண்டுபிடித்து வந்தார். கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டை, நகக்கண்ணில் வழக்கமான கறுப்பு எண்ணெய். மகளின் சாதாரணச் சட்டையைப் பார்த்துவிட்டு, என்ன என்பதுபோல் கையை விரித்தார்.

"கத்திட்டேன்பா" என்றாள். மீதியைச் சொல்வதற்குள் மூக்கு ஒழுகிவிட்டது.

அப்பா கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டம் ஆரம்பித்து, எதிரணி அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு ஏம்மா கோட்டுலயே ஒட்டிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார்.

"பயம்பா. ரெண்டடி முன்னால வந்தா போதும், அடிக்கிறவளுக்குக் கோலே தெரியாது. இடது பக்கம் வேற திறந்து போட்டிருக்கா பாருங்க."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்ட சொல்லு."

அவ்வளவுதான், சைரன் ஊத ஆரம்பித்தது. "ஏணீ! முன்னால வாடி! இடது பக்கம் பாரு! கையைத் தூக்கு, அது என்ன காய்கறிப் பையா தொங்கவிட!" ஏணி திடுக்கிட்டுத் திரும்பினாள், சிரித்தாள், இரண்டடி முன்னால் வந்தாள். அடுத்து வந்த பந்து நேராக அவள் மார்பில் விழுந்தது. போட்டி அதிகாரி ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். "நீங்க தடை வாங்கினவங்கதானே? ஏன் கத்துறீங்க?"

"இங்க நான் பார்வையாளர் சார். டிக்கெட் இருக்கு" என்று நீட்டினாள். டிக்கெட்டின் முன்னும் பின்னும் பார்த்தார் அவர். கத்தக்கூடாது என்று எங்கும் அச்சடித்திருக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனார்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. சைரனும் எழுந்து, மைதானத்தைச் சுற்றி நடந்து அடுத்த கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அப்பாவும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அங்கே போனதும் நம் அணி ஒரு கோல் போட்டது. அதற்கும் சேர்த்து ஒரு கூப்பாடு. அதன்பிறகு எதிரணி வெறிபிடித்ததுபோல் பாய்ந்தது. சைரன் ஒவ்வொரு பந்துக்கும் கத்தினாள். தொண்டை முதலில் கரகரத்தது, பிறகு கீச்சிட்டது.

கடைசி நிமிடம். எதிரணிக்கு ஒரு கார்னர். பந்து உயரமாக, கோலுக்கு நேர் எதிரே மிதந்து வந்தது. அதைத் தலையால் முட்ட எதிரணிக் கூட்டமே ஓடிவந்தது. ஏணியோ பழையபடி கோட்டில் ஒட்டிக்கொண்டாள். சைரன் எழுந்து வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். அதுவும் வரவில்லை. பதறிப்போய் அப்பா பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்து, தன் பக்கமாக வாரி இழுத்தாள்.

அப்பா யோசிக்கவே இல்லை. "ஏணீ! அங்க நிக்காதேம்மா, வெளியே வா!"

மெஷின் சத்தத்தையெல்லாம் இத்தனை வருடம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த தொண்டை, ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசியது போலிருந்தது. முன்வரிசையில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டார். யார் குரல் என்றெல்லாம் ஏணி பார்க்கவில்லை. ஓடிவந்தாள், எகிறினாள், அத்தனை தலைகளுக்கும் மேலே பந்தை இரண்டு கைகளாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தாள். விசில் ஊதிவிட்டது.

சைரன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கூச்சத்தோடு உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கோப்பையோடு ஓடிவந்த பெண்கள் கம்பிவேலியில் தொற்றிக்கொண்டு, "அங்கிள், அங்கிள்!" என்று கூச்சலிட்டார்கள். கோச் மேடம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்தபடி, "அப்பாவையும் பெஞ்சுல உக்கார வச்சிருந்தா, உங்க ரெண்டு பேருக்கும் சிவப்பு அட்டையே கிடைச்சிருக்கும்" என்றார்.

அப்போது அம்மாவின் போன் வந்தது. சைரன் எடுத்து "ஹலோ" என்றாள், காற்று. அந்தப் பக்கம் அம்மா பட்டறைக் குரலில், "என்னடி சத்தமே காணோம்? ஃபைனல்ல ஆடினியா இல்லியா?" என்று கேட்டது வேலிக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. ஆடினேன் என்பதா, இல்லை என்பதா? அவள் போனை அப்பாவிடம் நீட்டினாள்.

அவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. கனைத்துச் சரிசெய்துகொண்டார்.

"ஆடினோம்" என்றார். "ரொம்ப நேரம் அவ. கடைசியில கொஞ்சம் நான்."