சித்தப்பா தேடிய மண்பெட்டி

எங்கள் சித்தப்பாவின் ஸ்பேனர் பையில் ஸ்பேனரைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். அவர் பம்புசெட் மெக்கானிக். எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிணறுகளில் ஒன்றொன்றாக மோட்டார் இறங்கிக்கொண்டிருந்த காலம். காவாந்தண்டலத்தில் மோட்டார் சுற்றவில்லை, திருமுக்கூடலில் தண்ணீர் ஏறவில்லை என்று ஆள் வரும், சித்தப்பா சைக்கிளை எடுப்பார். போன வேலையை முடித்து, கிணற்றுக்காரர் கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டுத் திரும்புவதுதானே முறை? இவர் கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் போய்க் குந்திக்கொள்வார். பொழுது சாய வீட்டுக்கு வரும்போது பை நிறைய ஓட்டாஞ்சில்லு. ஸ்பேனர் அந்த மேட்டிலேயே கிடக்கும். மறுநாள் அதைத் தேடிக்கொண்டு இன்னொரு நடை.

உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, தொட்டால் வழவழப்பு. ரெண்டாயிரம் வருஷத்துச் சட்டியாம். அதைக் கழுவி, நெல் காயப்போடுகிற மாதிரிச் சாக்கில் பரப்பி வைப்பார். யாரும் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. அதில் ஒன்றை எடுத்துப் போய் நான் பாண்டி ஆடிவிட்டேன். என்ன சொன்னாலும் சரி, அந்த மாதிரிச் சில்லு இன்றுவரைக்கும் எனக்குக் கிடைக்கவில்லை. போட்ட கட்டத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். சித்தப்பா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. கடைக்குக் கூட்டிப்போய் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, கெஞ்சி வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் பிஸ்கட் வேண்டும் என்று தோன்றினபோதெல்லாம் நான் பாண்டி ஆடினேன்.

சித்திக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "ஊரே ஒடைஞ்ச சட்டிய வெளிய போடுது. இந்த ஆளு ஒருத்தருதான் வெளிய கெடக்கறத வூட்டுக்குள்ள கொண்டாந்து வெக்கிறாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அவள் சொல்லுவதிலும் நியாயம் இருந்தது. மோட்டார் ரிப்பேருக்குக் கூலி அறுப்பு முடிந்தால்தான் வரும், அதுவும் நெல்லாகத்தான் வரும். வீடு ஓடினது சித்தியின் இரண்டு மாட்டுப் பாலில். பன்னிரண்டு வீட்டுக்குப் பால் ஊற்றுவோம். விடிந்ததும் முதல் செம்பு ஈஸ்வரன் கோயில் அபிஷேகத்துக்கு. தூக்குப்பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள் நான். அதனால்தான் என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. நின்றதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எழுத்துக் கூட்டத்தான் தடுமாறுவேன், கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்பது இந்தக் கதையிலேயே தெரியும்.

ஒருநாள் பேப்பரில் ஒரு சேதி வந்தது. செங்கல்பட்டுப் பக்கம் எங்கேயோ பள்ளம் தோண்டும்போது ஒரு மண்பெட்டி கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்து ஜனங்கள் செத்தவர்களின் எலும்பை எடுத்து வைத்துப் புதைத்த பெட்டி. சுட்ட மண்ணில் செய்தது, அடியில் வரிசையாகக் கால் வைத்தது. சித்தப்பா அந்தப் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு டீக்கடையில் நின்று, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி உரக்கப் படித்தார்.

"மெக்கானிக்கு, செத்தவன் பொட்டிக்குக் காலு எதுக்குய்யா? எழுந்து மெட்ராஸ் போறதுக்கா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஈரம் ஏறாம இருக்கறதுக்குய்யா. செங்கல்பட்டுல கீதுன்னா நம்ம ஊர்ல இல்லாம பூடுமா? எழுதி வெச்சிக்கோ, நான் எடுத்துக் காட்றேன்."

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. மெட்ராஸ் ஆபீசுக்குக் கடுதாசி மேல் கடுதாசி போட்டார். ஏரிக்கு அந்தப் பக்கம் வட்டமாகக் கல் நட்ட ஒரு மேடு இருந்தது. வேலை இல்லாத நாளெல்லாம் கடப்பாரையோடு அங்கேதான் இருப்பார். கிடைத்தது ஒரு ஆட்டு மண்டை, ஒரு லாடம், அப்புறம் அவரே போன வாரம் தொலைத்த ஸ்பேனர்.

ஆறு மாசம் கழித்து மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. ஒரு ஆபீசர் செவ்வாய்க்கிழமை நேரில் வருகிறாராம். கூடவே ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. சித்தப்பா அதிலிருந்த எழுத்தை எல்லாம் எங்களை உட்கார வைத்துப் படித்தார். பேழை, நீள்வட்டம், விளிம்பு என்று என்னென்னவோ இருந்தது. கேட்டால் அரண்மனைச் சாமான் மாதிரிதான் தோன்றும். படித்து முடித்துப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் குளிக்கப் போனபோது பெட்டி திறந்திருந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். எழுத்தை விட்டுவிட்டேன், படம் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரண்மனையாவது ஒன்றாவது. அது எங்கள் மாட்டுக்கொட்டகையில் இருக்கிற கழனித்தொட்டி.

அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாவற்றையும் அதில்தான் ஊற்றுவோம், மாடு குடிக்கும். தாத்தாவின் அப்பா கிணறு வெட்டும்போது கிடைத்ததென்று சொல்லுவார்கள். சாணியும் சேறும் ஏறி ஏறி, வெளியே தெரிவது வாய் மட்டும்தான். ஆனால் சுவர்ப்பக்கம் கோழி சீய்த்துச் சீய்த்து ஒரு பொந்து செய்து வைத்திருந்தது. அங்கேதான் முட்டை இடும். கையை விட்டு எடுக்கிறவள் நான். குட்டை குட்டையாக, யானைக் கால் மாதிரி அடியில் வரிசையாகக் கால் இருப்பது என் கைக்குத் தெரியும். நான் ஒரு நாளும் அதைப் பெரிசாக நினைத்ததில்லை. தொட்டிக்குக் கால் இருந்தால் என்ன, கை இருந்தால் என்ன.

ஈரத் துண்டோடு வந்த சித்தப்பாவிடம் சொன்னேன். "தோ பாரு, கிண்டல் பண்ணாத" என்றார். கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனேன். குளித்த உடம்போடு சாணியில் குப்புறப் படுத்தார். கையைப் பொந்துக்குள் விட்டார். அப்புறம் ரொம்ப நேரம் அசையவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது, ஏதாவது கடித்துவிட்டதோ என்று.

எழுந்தபோது கன்னமெல்லாம் சாணி, ஒரு கையில் முட்டை, கண்ணில் தண்ணீர்.

"ஒரு பக்கத்துக்கு ஆறு! அப்போ பன்னெண்டு காலு புள்ள, பன்னெண்டு காலு!"

என்னைத் தூக்கிச் சுற்றினார். மாட்டைக் கட்டிக்கொண்டார். இத்தனை வருஷமாகக் கண்ட மேட்டையெல்லாம் தோண்டிய மனுஷன், தினம் பல் விளக்கும்போது சாய்ந்து நிற்கிற தொட்டி! சித்தி என்னவோ ஏதோவென்று ஓடி வந்தாள். சித்தப்பா மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார். நாளைக்கு ஆபீசர் வருவார், பேப்பரில் போட்டோ வரும், டீக்கடைக்காரன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான் என்று.

சித்தி கத்துவாள் என்றுதான் நினைத்தேன். கத்தவில்லை. தொட்டியைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள்.

"அப்போ பொணம் வெச்ச பொட்டியிலதான் நம்ம மாடு குடிக்குது. அந்தப் பாலத்தான் தினம் சாமி தலையில ஊத்திக்கினு கீறோம்."

"ரெண்டாயிரம் வருசம் ஆச்சிடி! தேச்சித் தேச்சிக் கழுவினது. அதுல இன்னா கீது?"

"என்னாண்ட ஏன் சொல்ற? குருக்களாண்ட சொல்லு. பால் வாங்கற பன்னெண்டு வூட்லயும் சொல்லு. பச்சப் புள்ளைக்குப் பால் வாங்கறா பாரு தெருக்கோடியில, அவளாண்டயும் போய்ச் சொல்லு. நாளையிலேர்ந்து எவ வாங்குவான்னு கேட்டுக்கினு வா." முந்தானையில் கையைத் துடைத்தாள். "சொல்லாதன்னு நான் சொல்லமாட்டேன்யா. நீ எம்மா நாளா தேடினன்னு எனக்குத் தெரியும்."

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சித்தப்பா தொட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். கையிலிருந்த முட்டையைக்கூடக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்து நான் பால் ஊற்றிவிட்டு வந்தபோது, இரண்டு மாடும் தொட்டிக்கு முன்னால் கட்டியிருந்தது. தொட்டிமேல் வைக்கோல் ஆள் உயரத்துக்கு. சித்தப்பா கையில் வைக்கோல் தூசி. சித்தி அதைப் பார்த்தாள், போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீசரைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து அழைத்து வந்தார் சித்தப்பா. பேண்ட் போட்ட ஒல்லி மனுஷர். பின்னாலேயே டீக்கடைக்காரரும் ஐந்தாறு பேரும் வந்துவிட்டார்கள். சித்தி காபி கொடுத்தாள். ஆபீசர் ஒரு வாய் குடித்துவிட்டு, "மெட்ராஸ்ல இந்த மாதிரிப் பாலுக்கு எங்கம்மா போறது!" என்று இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். சித்தப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டுக்குப் போனார்கள். ஆட்டு மண்டையைப் பார்த்தார்கள். திரும்பி வந்து கால் கழுவ ஆபீசர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். நல்லவேளை, மாடு தலையை ஆட்டியது. அவர் தள்ளி நின்றே கழுவிக்கொண்டார். சாக்கில் பரப்பியிருந்த சில்லுகளில் நாலைந்தை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார். அப்புறம் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"உங்களுக்கு ஆர்வம் இருக்கு, அது நல்லதுதான். ஆனா இதுக்கெல்லாம் ஒரு கண்ணு வேணும். கண்ணு முன்னாடி இருக்கிறதப் பாக்கப் பழகணும்."

"இன்னா மெக்கானிக்கு, பொட்டியில இருந்த ராசா எழுந்து நடந்தே பூட்டாரா?" என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் கொதித்தது.

ஆபீசர் சும்மா இருக்காமல் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினார். "பாப்பா, நீ ஆடுற இடத்துல எங்கயாவது இந்த மாதிரி பாத்திருக்கியா?"

சொல்லிவிடலாமென்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கண்டுபிடித்தவள் நான். சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. ஒரு சில்லுக்காகக் கடை வரைக்கும் கூட்டிப்போய்க் கெஞ்சினவர்தான். சித்தி கையில் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்துகீறேன்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இந்தப் பொஸ்தகத்துலதான்."

அதற்கும் ஒரு சிரிப்பு. ஆபீசர் என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஒரு சிமெண்ட் தொட்டி வந்தது. இனிமேல் மாடு பழையதில் வாய் வைக்கக் கூடாது என்று சித்தி சொல்லிவிட்டாள். பழைய தொட்டியைப் பின்கட்டிலேயே புதைத்து, சூடம் ஏற்றி, மேலே கத்தரி நட்டார்கள். இப்போது யாரும் பால் ஊற்றுவதில்லை, அவர்கள் இரண்டு பேரும் இல்லை, அதனால் சொல்கிறேன். இடம் எதுவென்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆபீசரை பஸ் ஏற்றிவிட்டு வந்த சித்தப்பா நேராகக் கொட்டகைக்குப் போனார். வைக்கோலை விலக்கிவிட்டுத் தொட்டியை ஒட்டி உட்கார்ந்தார். அவரைப் பார்த்தாலே ஓட்டாஞ்சில்லு, ஓட்டாஞ்சில்லு என்று கரித்துக்கொட்டுகிற சித்தி, கால் வைக்கிற இடத்திலெல்லாம் சாணி என்று பாராமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"யாருய்யா இதுல இருந்தது? ராசாவா?"

"ராசாவா இருக்காது. நம்ம மாதிரி மாடு கன்னு வெச்சிக்கினு இருந்தவனாத்தான் இருக்கணும்."

"பொம்பளையா இருந்தா?"

"இருக்கலாம். வளையலு, பாசிமணியெல்லாங்கூட வெச்சிருப்பாங்க."

அவள் கேட்கக் கேட்க அவர் சொன்னார். மண்ணை எப்படிக் குழைத்தார்கள், எப்படிச் சுட்டார்கள், ஏன் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சொன்னார். டீக்கடையில் பேப்பர் படித்த அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. மாடு கத்தியது, கறக்கிற நேரம் தாண்டிவிட்டது, சித்தி எழுந்திருக்கவில்லை. நான் பால் செம்போடு வாசற்படியில் நின்றுகொண்டு இரண்டு பேரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மெட்ராஸிலிருந்து வந்த ஆபீசரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம், ஒன்றும் தெரியாத சித்தியிடம் சொல்லி இந்த மனுஷனுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று.