மேலண்டைக் கழனி பீர்

புவனகிரியில் மாமியார் வீட்டுக்குப் போனால் இளவரசுவை, "பாண்டிச்சேரில ஜூஸ் கம்பெனில இருக்காரு" என்றுதான் சொல்லி வைப்பார்கள். பொய்யென்று சொல்லிவிட முடியாது. ஜூஸ்தான், கொஞ்சம் புளித்த ஜூஸ். கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் பாண்டிச்சேரியில் பீர் காய்ச்சுகிறவன் அவன். அதற்கு முன் நாசிக் பக்கம் ஒயின் செய்துகொண்டிருந்தான். எதையும் ஒரு வாய் வாங்கி, கொப்பளித்து, முகர்ந்து, துப்பிவிடுவான். விழுங்கி யாரும் பார்த்ததில்லை. "குடிக்கத் தெரியாதவன் காய்ச்சுனா விளங்குமா?" என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள்.

நாசிக்கிலிருந்து அவனைப் பிடித்துக்கொண்டு வந்த கிறுக்கு ஒன்று உண்டு. நல்ல ஒயினை ஒரே தோட்டத்தில், ஒரே வருஷத்தில் விளைந்த பழத்தில்தான் செய்வார்கள். திராட்சைக்கு அந்த மரியாதை என்றால் நம் நெல் என்ன பாவம் செய்தது? ஆலை முதலாளி சார்லஸை நச்சரித்து, கருடன் சம்பா நெல்லும் பார்லியும் சேர்த்து லாகர் பீர் போட ஆலையில் ஒரு டேங்க்கைக் கேட்டு வாங்கிவிட்டான். லாகரைக் குளிரில் மாதக்கணக்கில் ஆறப்போட வேண்டும். அதுவரைக்கும் டேங்க் முடங்கிக் கிடக்கும். சார்லஸ் கறாராகச் சொல்லிவிட்டார்: "பொங்கலுக்குக் கிளாஸ்ல ஊத்தணும். இல்லன்னா டேங்க்க எடுத்துக்குவேன். அப்பறம் இந்தப் பேச்சே கூடாது."

நெல் தந்தது மனைவி ஸ்ரீமதியின் தம்பி தில்லைநாதன். அவனுடைய மேலண்டைக் கழனியில் விளைந்ததில் மீதமிருந்தது இரண்டே மூட்டை. நெல்லை ஊறவைத்து முளைகட்டி, முளை நீளுவதற்குள் சூட்டில் காயவைத்து நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே ஊறிய இனிப்பு பீருக்கு வரும். முளைகட்டுவதில் தில்லைநாதனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. அந்தத் தைரியத்தில் புரட்டாசிக் கடைசியில் மூட்டைகளை அவனிடமே விட்டு, காயவைக்கும் தட்டுகளை எடுத்துவரக் கடலூர் போனான் இளவரசு.

திரும்பி வந்தபோது கோணிகள் காலி.

"மச்சான், நெல்லு எங்க?"

தில்லைநாதன் சேற்றுக்காலோடு நின்றான். "நாத்தங்கால்ல வெதச்சிட்டேன் மாமா."

"என்னாது?"

"பிரிச்சுப் பாத்தேன். எல்லாம் வெள்ள வெளேர்னு மொளச்சிருந்துச்சு. மழயும் எறங்கிடுச்சு. அத எடுத்து வறுக்க மனசு வரல மாமா. கை தானா தூவிடுச்சு."

இளவரசுவுக்கு வாயில் வந்ததெல்லாம் வெளியே வந்தது. அக்கா புருஷன் என்பதால் தில்லைநாதன் தலையைக் குனிந்தபடி அத்தனையும் வாங்கிக்கொண்டான். வேறு கருடன் சம்பா வாங்கிக்கொள்ளச் சொன்னார் சார்லஸ். கண்ட கழனி நெல்லையும் கலந்தடித்துச் செய்வதற்கு நான் எதற்கு என்று முறைத்துக்கொண்டு வந்துவிட்டான் இளவரசு. இப்படி ஒரு வீம்பு! டேங்க் போனது போனதுதான் என்று அவனுக்கே தெரியும்.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் புவனகிரிக்குப் போய்க் கழனி வரப்பில் நின்றான். திட்டப் போனவன் பயிரைப் பார்த்ததும் திட்ட மறந்து திரும்புவான். கோணியில் இருந்தபோது அவனுக்கு அது வெறும் சரக்கு. சேற்றில் விழுந்ததும் இப்படி எழும்பும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. மார்கழியில் கதிர் இடுப்பளவுக்கு வந்து பூத்தது. அன்று சார்லஸையும் கையோடு அழைத்துப் போனான்.

வெயில் ஏறும் நேரம். கழனி முழுக்க நெற்பூ திறந்திருந்தது. காற்று அடித்தபோது இனிப்பும் பச்சையுமாக ஒரு வாசனை வந்தது. சார்லஸ் வரப்பிலேயே குந்திவிட்டார். கழுத்து டாலரைப் பிடித்தபடி ஒரு கதிரை வளைத்து முகர்ந்தார்.

"கடலூர்லயே பொறந்து வளந்தவன்டா நான். நெல்லு பூக்கும்னே இப்பத்தான் பாக்குறேன். இந்த வாசன டேங்க்ல வருமா?"

"வரும்னு சத்தியம் பண்ண மாட்டேண்ணே. வரலன்னா நானே டேங்க்கக் கழுவிக் குடுத்துடறேன்."

"பொங்கல விடு. அறுத்துட்டு வா. ஆனா இது ஒரு தடவதான்."

அறுத்த நெல்லைச் சித்திரையில் மறுபடி முளைகட்டினார்கள். கோணியைப் பிரித்ததும் இளவரசு ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். அந்த வெள்ளை முளைகளைச் சூட்டில் போட இப்போது அவனுக்கும் கை வரவில்லை. ஒரு பிடி அள்ளி வாய்க்கால் ஓர ஈரத்தில் தூவினான். தில்லைநாதன் அதைப் பார்த்துவிட்டு, தட்டுகளை அவனே அடுக்கிக் கொடுத்தான்.

ஆடியில் டேங்க்கைத் திறந்தார்கள். புவனகிரியிலிருந்து தில்லைநாதனும் வந்திருந்தான். கிளாஸில் செம்பொன் நிறம். இளவரசு முகர்ந்தான். நெற்பூ வாசனை தெரிந்த மாதிரியும் இருந்தது, தன் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதோ என்றும் இருந்தது. ஒரு வாய் வாங்கினான். வழக்கம்போலத் துப்புவதற்காகத் தொட்டிப் பக்கம் திரும்பினான்.

அப்படியே நின்றான். நாக்கின் அடியில், எல்லாம் அடங்கிய பிறகு, மெல்ல வந்தது அந்த மார்கழிக் காற்று.

"என்னடா, துப்பு. துப்பிட்டுச் சொல்லு" என்றார் சார்லஸ்.

இளவரசு விழுங்கினான். கண் கலங்கியிருந்தது.

"துப்ப மனசு வரலண்ணே."

தில்லைநாதன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். சார்லஸ் அந்தக் கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு டேங்க் அறைச் சாவியை இளவரசுவின் சட்டைப் பையில் போட்டார்.