இடக்கை அத்தான்

என் அத்தானை ஒரு கொலைகாரர் என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருக்கிறேன். இன்று அவர் வீட்டுக்குப் போனால் மூக்குப்பிடிக்கச் சாப்பிடாமல் திரும்பாத நான்தான் இதைச் சொல்கிறேன்.

தப்பு என்னுடையதல்ல. அப்பாவின் தலையணைக்கடியில் கிடந்த, அட்டை கிழிந்த துப்பறியும் நாவலுடையது. அதில் மலையடிவாரத்தில் ஓர் ஊர். களத்துமேடு, வைக்கோற்போர், ஒற்றைப்பனை. அங்கே ஒரு பண்ணையார் மகன், இடக்கைக்காரன். ஊர் பார்க்க எல்லாவற்றையும் வலக்கையால் செய்வான். நிச்சயம் செய்த பெண்ணை அருவிக்கு அழைத்துப்போய் உச்சியிலிருந்து தள்ளிவிடுவான்.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ தொங்கியது. அச்சன்புதூரில் அத்தை வீட்டு அறுவடையின்போது தென்காசி ஸ்டூடியோக்காரர் வந்து எடுத்தது. முக்காலி மேல் ஏறி, நாவலை அதன் பக்கத்தில் விரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். மலை இருந்தது. களம், வைக்கோற்போர், பனை எல்லாம் இருந்தன. இவை இல்லாத ஊர் எங்கள் பக்கம் ஏது என்று யோசிக்கிற புத்தி அந்த வயதில் எனக்கு இல்லை. கொம்பொடிந்த காளையை ஒட்டி நின்றார் அத்தை மகன், அதாவது அத்தான். கையில் அரிவாள். இடது கையில்!

முக்காலியிலிருந்து குதித்து இறங்கிவிட்டேன். டீச்சர் டிரெயினிங் முடித்திருந்த என் அக்காவை அவருக்குத்தான் நிச்சயம் செய்திருந்தார்கள். அவர் சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் வலது கையால். அதுதான் பயத்தைக் கூட்டியது. என்ன நடிப்பு!

சாரல் விழுந்ததும் இரண்டு வீட்டாரும் வண்டி கட்டிக் குற்றாலம் போனோம். ஓட்டியவர் அத்தான். நுகத்தில் அதே கொம்பொடிந்த காளை. வழியெல்லாம் அவர் கைகளைக் கண்காணித்துக்கொண்டே வந்தேன்.

அருவிக்கரையில் அவர் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தபோது, "பிடிங்க அத்தான்!" என்று ஒரு மங்குஸ்தான் பழத்தை வீசினேன். இடது கையால் பிடித்தார். அவருடைய வலது கை எண்ணெய் தேய்ப்பவரிடம் மாட்டியிருந்ததை என் துப்பறியும் மூளை கணக்கில் சேர்க்கவில்லை.

குளித்து வந்ததும், "மேல செண்பகாதேவி அருவி வரைக்கும் ஏறிட்டு வருவோமா?" என்றார் அத்தான். அக்கா தலையாட்டினாள். நாவலில் அந்தப் பெண்ணும் இப்படித்தான் தலையாட்டினாள்.

அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அக்காவின் சேலையைப் பிடித்துத் தொங்கினேன். "போகாதக்கா! அத்தான் தள்ளிவிட்டுருவாரு! அவரு இடக்கைக்காரரு!"

"இடக்கைக்காரன்னா தள்ளணுமா மாப்ளே?" என்று முழித்தார் அத்தான்.

அழுகையும் விக்கலுமாக நாவலையும் போட்டோவையும் பற்றி எல்லாம் சொன்னேன். தலையணை விஷயம் வந்ததும் அப்பா மும்முரமாக அருவியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஏலே, மாட்டுக்குப் பின்னாலதான உக்காந்து வந்த? எந்தக் கொம்பு ஒடிஞ்சிருக்கு?" என்றாள் அக்கா.

"வலது."

"படத்துல இடது கொம்புல்லா ஒடிஞ்சிருக்கு. மாடும் நடிக்குதாலே?"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்காமல் அக்காவைப் பார்த்தார். அவள் பிழிந்த முந்தானையையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். அவ்வளவு உயரத்தில் தொங்கிய படம், மாட்டுக் கொம்பு வரைக்கும் அவளுக்கு எப்படி மனப்பாடம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டூடியோக்காரர் படம் பதிந்த கண்ணாடித் தகட்டைப் புறம் மாற்றி வைத்துப் பிரதி போட்டதில் வலது இடதாகிவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.