மலையில் மட்டும் பிடிக்காத கிளச்

கொட்டாஞ்சேனைக் கராஜில் வேலை செய்த நாட்களில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாரோடும் எதற்கும் மல்லுக்கு நிற்பேன். பேச வேண்டிய ஒரேயொரு நாளில் அந்த வாய் எங்கே போய்த் தொலைந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல்தான் வருகிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. சீமைக்குத் திரும்பிய இராணுவ இஞ்சினியர் ஒருவரிடமிருந்து, வெள்ளவத்தை டொக்டர் ஒருவர் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். விற்ற துரை கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவரல்ல. மற்றக் கார்களில் பெடலை மிதித்தால் ஓர் இரும்புத் தடி போய்க் கிளச்சைத் தள்ளும். இவர் தடியைக் கழற்றிவிட்டு, பிரேக்குக்கு இருப்பது போல ஒயில் அமுக்கித் தள்ளும் சிலிண்டர் ஒன்றைத் தானே பூட்டியிருந்தார். கொழும்பில் அப்படி இன்னொரு காரை நான் கண்டதில்லை. பார்த்துச் செய்யப் புத்தகமும் கிடையாது.

அந்தக் கார் என் கூட்டாளியின் பொறுப்பில் இருந்தது. நானும் அவனும் ஒரே நாளில் கராஜில் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் ஒரே மாதா கோயில். என்னைவிட அவன் நல்ல வேலைக்காரன், அதை நான் அப்போதே ஒத்துக்கொள்வேன். அவன் மனைவிக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம்.

டொக்டர் மாதம் ஒருமுறை மலைநாட்டு நுவரெலியாவுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பார். முதல் பயணம் போய் வந்ததுமே முறைப்பாடு. விடியற்காலையில் பெடலை மிதித்தால் கீழே போகிறது, மேலே வரவே மாட்டேன் என்கிறது. ஏற்றத்தில் இஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. வெயில் ஏறிய பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. கராஜுக்கு வந்தால் ஒரு குறையும் இல்லை.

கூட்டாளி குழாய்களைத் துடைத்து, கீழே பேப்பர் விரித்து ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. றப்பர் குழாயைப் போத்தலுக்குள் விட்டு ஒயிலில் காற்று இருக்கிறதா என்று பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டாம் மாதம் சிலிண்டரின் றப்பர்களை மாற்றினான். மூன்றாம் மாதம் டொக்டர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வளைவில் கார் பின்னால் உருண்டு பள்ளத்து ஓரத்தில் போய் நின்றதாம்.

"இன்னொருக்கா இந்தக் கார் இப்பிடித் திரும்பி வந்தா, நீ டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் அவனிடம் சொன்னார். வெறும் மிரட்டல் இல்லை. இராணுவ வேர்க்‌ஷொப்கள் மூடப்பட்டு, வேலை கேட்டு வாசலில் தினமும் ஆட்கள் நின்ற காலம்.

இனி என் கூத்தைச் சொல்கிறேன். டொக்டரின் மனைவி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். கார் வாங்கிய கிழமையே என்னைத் தனியே கூப்பிட்டு, கோயில் விளக்கில் எடுத்த எண்ணெயை ஒரு சின்னப் போத்தலில் தந்தார்.

"தம்பி, இவருக்கு இதில நம்பிக்கை இல்லை, சிரிப்பார். ஒவ்வொருமுறை மலைக்குப் போக முன்னம் காரில கொஞ்சம் விடுங்கோ. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

எங்கள் பக்கத்தில் புது வாகனத்துக்குக் கோயில் எண்ணெயால் சிலுவை போடாமல் யாரும் றோட்டில் இறக்குவதில்லை. ஆனால் டொக்டர் தினமும் துடைக்கும் சிவப்புப் பெயின்ரில் எண்ணெய் பூசினால் உடனே பிடிபடும். எங்கே விடுவது? கிளச் ஒயில் ஊற்றும் டப்பாவின் மூடியைத் திறந்தேன். ஒயிலோடு எண்ணெய், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒவ்வொரு மாதமும் ஒரு கரண்டி விட்டேன். நானும் ஒரு மெக்கானிக்!

நான்காம் பயணத்துக்கு முன் ஒருநாள் கூட்டாளி காரின் கீழிருந்து எழும்பி வந்தான்.

"இஞ்ச வேலை செய்யுது, அங்க நிக்குது. அங்க இருக்கிறது, இஞ்ச இல்லாதது என்ன மச்சான்? குளிர்தானே. போய் ஐஸ் வாங்கிக்கொண்டு வா, பாப்பம்."

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோயில் விளக்கில் எரிவது தேங்காயெண்ணெய், நுவரெலியாக் குளிரில் அது போத்தலுக்குள்ளேயே உறைந்துவிடும். தலைக்கு வைப்பதென்றாலும் அடுப்பருகில் பிடித்து உருக்க வேண்டும். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வரும்போது, போனதும் சொல்லிவிடுகிறேன், போனதும் சொல்லிவிடுகிறேன் என்று வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் டொக்டரும் முதலாளியும் காரடியில் நின்றார்கள். ஐஸைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அவன் சிலிண்டரையும் ஒயில் டப்பாவையும் சுற்றி ஐஸை அடுக்கினான். ஒரு மணித்தியாலம் கழித்துப் பெடலை மிதித்தான். போன பெடல் திரும்பி வரவில்லை. "பிடிச்சிட்டன்" என்று முகமெல்லாம் சிரிப்பாக டப்பாவின் மூடியைத் திறந்தான். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கட்டி. விரலில் எடுத்து மணந்து பார்த்தவனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"தேங்காயெண்ணெய்!" என்றார் முதலாளி. "ஒயில் அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பு உன்னட்டத்தானே இருக்கு? கடையில கிடைக்காத ஒயிலைக் களவா வித்துப்போட்டு, அதுக்குப் பதிலா இதை விட்டிருக்கிறாய்."

அவன் இல்லை என்றான். மாதாவின் மேல் சத்தியம் பண்ணினான். "என்ர மனுசி அந்தக் காருக்குள்ள இருந்தவ" என்று மட்டும் சொல்லிவிட்டு டொக்டர் திரும்பிக்கொண்டார். கூட்டாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கடைசியில் என்னைப் பார்த்தான். நான் நிலத்தில் ஓடிய ஐஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மத்தியானமே அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

டொக்டரின் மனைவிக்குக் கொடுத்த வாக்கு என்று இரண்டு நாள் எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். பொய். வேலை போய்விடும் என்ற பயம்தான். மூன்றாம் நாள் முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். வாயில் வந்தபடி ஏசிவிட்டு, "போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா, உன்னைப் பிறகு பாக்கிறன்" என்றார்.

நான் வீட்டுக்குப் போனபோது கூட்டாளி கொலன்னாவைப் பெற்றோல் தாங்கிகளில் பீப்பாய் உருட்டும் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு நின்றான். நான் சொன்னதை எல்லாம் கேட்டான்.

"கோயில் எண்ணெயோ?"

"ஓம்."

"அதில பிழையில்லை மச்சான். என்னட்டத் தந்திருந்தா நானும் எங்கயாவது விட்டிருப்பன்."

எனக்கு உயிர் வந்தது. முதலாளி கூப்பிடுகிறார், வா என்றேன்.

"ஐஸ் வாங்கப் போகேக்க உனக்குத் தெரியுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டுதான் அந்த ஐஸைச் சுமந்து வந்து என்ர கையில தந்தனி" என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு அவன் கொலன்னாவைப் பக்கம் நடந்தான்.