தண்ணீர்ப் போத்தலை உள்ளே விடமாட்டார்கள்

போன கிழமை மூத்த மகளைக் கட்டாருக்கு அனுப்பினோம். தாதி வேலை. கிளிநொச்சியிலிருந்து விடியப் புறப்பட்ட வான் வண்டியில் அவள் நல்ல நித்திரை. நான்தான் வழி நெடுக அவளுடைய பையை மனதுக்குள் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன்.

விமான நிலைய வாசலில் ஒரு சின்னக் கடை. கழுத்துத் தலையணை, பெட்டிப் பூட்டு, சார்ஜர் என்று பயணிகள் மறந்து வரும் சாமான்களைக் கண்ணில் படும்படி தொங்கவிட்டிருந்தார்கள். என் கண்ணில் ஏன் அதெல்லாம் படவில்லை?

மகள் என் கூடையை எட்டிப் பார்த்தாள். பிஸ்கட், சவர்க்காரம், பிளாஸ்டர், மெழுகுதிரி, ஒரு டோர்ச், பெரிய போத்தலில் தண்ணீர்...

"டோர்ச் என்னத்துக்கம்மா?"

"கரண்ட் நிண்டால்?"

"கட்டாரிலயோ?"

இவர் பக்கத்தில் நின்று சொன்னார்: "விடு பிள்ளை. கூடாரம் அடிக்க ஒரு தறப்பாளும் வாங்கிக் குடுத்தால்தான் கொம்மா நிம்மதியா வீட்ட வருவா."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது சரிதானே? பயணம் என்றால் என் கைகளுக்கு ஒரே ஒரு பயணம்தான் தெரியும். கடைசிச் சண்டையில் பூநகரியில் வெளிக்கிட்டு, முல்லைத்தீவுக் கடற்கரையில் போய் முடிந்தது. இவளை மாறி மாறித் தூக்கிக்கொண்டு போனோம். கொண்டுபோனதில் முதலில் தீர்ந்தது தண்ணீர்தான்.

"நான் இடம்பெயரேல்லையம்மா. வேலைக்குப் போறன்."

சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தட்டில் திருப்பி வைத்தாள். போத்தலை மட்டும் நான் விடவில்லை. வாங்கி அவளுடைய பையில் செருகினேன்.

"இதை உள்ள விடமாட்டினம். செக் பண்ணுற இடத்தில எறியச் சொல்லுவினம்."

எறிவதா? சோதனைச் சாவடிகளில் எத்தனையோ பறிகொடுத்தவள் நான். தண்ணீரை எறி என்று ஒருவரும் சொன்னதில்லை.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்தாள். அங்கேயே நின்று குடித்தாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள்... மறுபடி குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும். வெறும் போத்தலை என் கையில் தந்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

"இப்ப சரியோ? போட்டு வாறன்."

"ஓம்" என்றேன்.

எதைக் கட்டிக் கொடுத்தாலும் இந்தப் பயம் போவதில்லை. அது நம் பயம். பிள்ளைகள் பாவம், நமக்காகக் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறார்கள்.

போய் இறங்கியதும் போன் எடுத்தாள். "அம்மா, பக்கத்து சீற்றில இருந்த மனுசனை நித்திரை கொள்ள விடேல்லை நான். பிளேனில முழுக்கப் பாத்ரூமும் நானும்தான்."