வேலி போட்ட தாளம்

அன்றைக்கு எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் பந்தலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வம்பு. நானும் அங்கேதான் நின்றேன், என் கண்ணால் பார்த்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டவர்களையெல்லாம் சேர்த்தால் அந்தப் பந்தல் கொள்ளாது. நடுவில் பாய் விரித்து அக்கா, அவள் மடியில் ஒரு தேயிலைத் தகர டப்பா. பக்கத்தில் மைக் செட்டு வைத்த மலையாளத்துச் சேட்டன். பொங்கல் பானைகளுக்குப் பின்னால் லயத்துப் பெண்களோடு அம்மா. வாழைமரம் கட்டிய தூணில் சாய்ந்து, தனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்ற முகத்தோடு அப்பா. கோயில் கமிட்டியின் பொருளாளர் என்பதால் எல்லோரையும் முறைத்துக்கொண்டு அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா. அக்காவின் முழங்காலை ஒட்டி நான். மற்றவர்கள் கூட்டம். அழைக்காமல் வந்த ஒருவரைக் கடைசியில் சொல்கிறேன்.

கேரளத்துச் சின்னக்கானலுக்கு மேலே இருக்கிறது எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பயப்படுவதற்கு அந்த வயதே தாராளம். ஜீப் வளைவில் திரும்பினால் பயம், மழை ஓங்கினால் பயம், மழை திடீரென்று நின்றாலும் ஏன் நின்றது என்று பயம். எல்லாவற்றுக்கும் மேலே ஆனை பயம். கீழ்ச்சரிவில் ஆனைக்காகப் போட்ட சோலார் வேலியில் கரண்ட் ஓடுகிறதா என்று பொழுது சாயும்போதெல்லாம் யாரிடமாவது கேட்டு வைப்பேன்.

“ஓடுது, ஓடுது. சந்தேகம்னா நீ போய்த் தொட்டுப் பாத்துட்டு வா” என்பார் அப்பா.

அக்கா எனக்கு நேர் எதிர். அவள் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அப்பா வேலைக்குப் போன நேரம் பார்த்து அவருடைய ரேடியோவைக் கழற்றி, ஸ்பீக்கரையும் திருகுகிற குமிழ்களையும் தனியாக எடுத்துவிட்டாள். ஒரு தேயிலை டப்பாவுக்குள் சிந்தசைசர் செய்யப் போகிறாளாம். ஐசி, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் சேர்த்துப் பற்றவைத்தால் நாதஸ்வரம், வயலின், குயில் என்று எந்தக் குரலில் வேண்டுமானாலும் அது பாடுமாம். செய்முறையை அவள் போன் வீடியோக்களைப் பார்த்துக் கற்றாள். அந்தப் போனின் ஸ்பீக்கர் செத்துப்போய் வெகு நாளாகியிருந்தது. ஆக, சத்தம் உண்டாக்குவது எப்படி என்பதை ஒரு சத்தமும் கேட்காமலே படித்தவள் என் அக்கா. வருகிற சத்தம் சரியா தப்பா என்று அவளுக்கே தெரிய வழியில்லை.

வேலை முடிந்து வந்த அப்பா, குடலை உருவிய கோழி மாதிரி கிடந்த ரேடியோவைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“திருவிழாவுக்குள்ள இது பாடணும். பாடலன்னா டப்பா பழைய இரும்புக்குப் போயிரும். நீ அம்மாகூடக் கொழுந்து எடுக்கப் போயிரு. படிச்சுக் கிழிச்சது போதும்.”

மாமா காதுக்கு இது எட்டியதும் அவர் கணக்கு வேறு மாதிரி ஓடியது. கீழே இருந்து வருகிற மேளக்காரர்கள் அந்த வருஷம் கூலியை ஏற்றியிருந்தார்கள். “அவங்க கேக்குற துட்டுக்கு அம்மனுக்கு ஒட்டியாணமே செஞ்சு போட்டுரலாம். கரகப் பாட்ட நம்ம புள்ளையே வாசிக்கட்டும். எழுநூத்தம்பது குடுத்துருவோம்” என்று கமிட்டியில் சொல்லிவிட்டார். அக்காவின் படிப்பு இப்படியாக ஒரு தேயிலை டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தகரத்தைப் பட்டை பட்டையாக வெட்டிக் கட்டைகள் செய்தாள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குட்டித் திருகாணி. அதைத் திருப்பினால் சுருதி ஏறும், இறங்கும். முதன்முதலில் அது வாயைத் திறந்தபோது சளி பிடித்த நாதஸ்வரம் போல இருந்தது. அக்கா அழுதேவிட்டாள், சந்தோஷத்தில். ஆனால் பாட்டுக்கு அடியில் ஓயாமல் ஓர் உறுமல். எங்கள் லயத்து வயரிங்கில் எர்த் என்று ஒன்று கிடையாது, அதுதான் உறுமுகிறது என்றாள். எர்த்துக்காகக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் குத்திப் பார்த்தாள். லயத்துக்கு அடியில் முழுக்கப் பாறை; ஒரு சாண்கூட இறங்கவில்லை.

அப்புறம் அவள் கண்ணில் பட்டது துணிக்கொடி. எங்கள் லயத்தில் யாரும் கயிறு வாங்கிக் கொடி கட்டியதில்லை. வேலி மாற்றும்போது கழித்துப் போடுகிற பழைய கம்பிதான் எல்லோருக்கும் கொடி. முதல் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும், அதற்கும் கீழே சரிவு வரைக்கும் ஒரே கம்பி ஓடும். டப்பாவின் எர்த் ஒயரை அதில் கட்டினாள். உறுமல் நின்றது. அதற்குப் பதிலாக வந்தது இன்னொன்று.

டக்... டக்... டக்...

கடிகாரம் மாதிரி, விடாமல். அக்கா கெப்பாசிட்டரை மாற்றினாள். பற்றவைத்த இடங்களையெல்லாம் பெயர்த்து மறுபடி பற்றவைத்தாள். ஐசியைப் பிடுங்கிப் புதிது போட்டாள். டப்பாவுக்குள் இன்னொரு தகரம் வைத்து மூடினாள். அது எதையும் சட்டை செய்யவில்லை. திருவிழா நெருங்க நெருங்க அவள் சாப்பாடு குறைந்தது. அவளுக்கும் சேர்த்து நானே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது கைவந்த வேலை.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம், துணி உலர்த்திவிட்டு அம்மா கையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள். “இந்தக் கைவாதம் என் உசிர எடுக்குது. ஈரச் சேலையக் கொடியில போட்டாலே சுள்ளுங்குது.”

பற்றவைக்கிற கம்பியோடு அக்கா நிமிர்ந்தாள். “எப்படிம்மா சுள்ளுங்குது? ஒரேயடியாவா, விட்டு விட்டா?”

“விட்டு விட்டுத்தான். சுள்... சுள்...ளுன்னு.”

டப்பா அதே வேகத்தில் டக் டக் என்றது. மூன்று பேரும் டப்பாவையே பார்த்தோம்.

அக்கா கொடிக்கம்பியைப் பார்த்துக்கொண்டே வெறுங்காலோடு சரிவில் ஓடினாள். நான் வாசல்படியில் நின்றுகொண்டு, போகாதே போகாதே என்று கத்தினேன். திரும்பி வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கொடியின் கீழ்முனையை எந்தப் புண்ணியவானோ வேலியின் எர்த்துக்காக மண்ணில் அடித்திருந்த இரும்புக் கம்பியோடு முறுக்கி வைத்திருந்தானாம். வேலியில் கரண்ட் ஓயாமல் ஓடாது, துடிப்புத் துடிப்பாகத்தான் போகும். அந்தத் துடிப்புதான் கொடி வழியாக வந்து டப்பாவுக்குள் டக் என்கிறது.

“அம்மா, ஒனக்கு வாதமே இல்ல. வேலிதான்!”

அம்மாவுக்கு அதில் பாதி சந்தோஷம்தான். அத்தனை காலம் தேய்த்த எண்ணெய் வீணாய்ப் போயிற்றே.

நோய் தெரிந்தது, மருந்துதான் இல்லை. எர்த்தைக் கழற்றினால் உறுமல், கட்டினால் டக். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு டக்கையே வைத்துக்கொண்டாள். “தாளம் மாதிரிதானே இருக்கு. இதுகூடச் சேந்தே வாசிச்சிருதேன்.”

எனக்கோ அம்மனே நேரில் வந்து வரம் கொடுத்த மாதிரி இருந்தது. இனி வேலி உயிரோடு இருக்கிறதா என்று எவரையும் கேட்க வேண்டாம். பொழுது சாய்ந்ததும், “அக்கா, டப்பாவ ஒரு தடவ போடேன்” என்பேன். “மகாராணிக்கு வேலிய செக் பண்ணணுமோ?” என்று கேட்டுக்கொண்டே போடுவாள். டக் என்றதும்தான் எனக்குச் சோறு இறங்கும்.

திருவிழா அன்று மைக் செட்டு சேட்டன் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். “எந்தா மோளே இது? தேயிலை டின்னல்லே?”

“ஆமா சேட்டா. பாடுற டின்னு.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒயரைச் சொருகினார். கோயிலுக்கு மேலே தோரணம் தொங்கிய அதே கொடிக்கம்பியில் அக்கா எர்த்தைக் கட்டினாள். சாயங்காலம், மலையை மூடுகிற பனி மஞ்சு இறங்கத் தொடங்கிய நேரம். அக்கா கட்டையில் விரல் வைத்தாள்.

இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்கள் வழியாக அந்தக் குரல் தேயிலைச் சரிவு முழுக்கப் பரவிப் போயிற்று. சளியெல்லாம் எங்கே போயிற்றோ. கரகம் எடுத்த பெண்கள் ஆடத் தொடங்கினார்கள். டக் டக் என்ற வேலித் தாளத்துக்குச் சின்னப் பிள்ளைகள் கை தட்டின. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். முகம் மாறவில்லை, ஆனால் கால் கட்டைவிரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பாட்டு பாதியில் இருக்கும்போது டக் நின்றது.

“ஆ! இப்ப க்ளீன்!” என்றார் சேட்டன். அப்போதுதான் ஏதோ குமிழைத் திருப்பியிருந்ததால் அது தன் கைங்கரியம் என்று நினைத்துக்கொண்டார். மாமாகூட, “இப்பத்தான் கேக்க நல்லாருக்கு” என்று தலையாட்டினார். நான் அக்காவின் முழங்காலைப் பிடித்து உலுக்கினேன்.

“அக்கா, டக் இல்ல! அக்கா, டக் நின்னுருச்சு!”

“ஏட்டி, சும்மா இரு. நல்லாத்தான போகுது” என்று மாமா அதட்டினார்.

என் பயத்தைக் கண்டால் எப்போதும் சிரிக்கிற அக்கா அன்று சிரிக்கவில்லை. விரலை எடுத்துவிட்டு ஒரு நொடி கூர்ந்து கேட்டாள். பாக்ஸில் ஒரு சத்தமும் இல்லை. மைக்கை இழுத்தாள்.

“உறுமல் வரல. அப்ப எர்த் ஒயர் கழரல. வேலிதான் செத்துப்போச்சு. எல்லாரும் உள்ள போங்க!”

கூட்டம் அசையவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு என்ன விளையாட்டு என்று மாமா வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் அப்பா தூணை விட்டு நகர்ந்துவிட்டார்.

“எம் பிள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அடுப்ப அமத்துங்க. பிள்ளைகளத் தூக்குங்க.”

கடைசி வீடுகளுக்குள் நெருக்கிப் புகுந்து கதவைச் சாத்தி, சன்னல் வழியாகப் பார்த்தோம். மஞ்சு கொஞ்சம் கருத்த மாதிரி இருந்தது. பிறகு அதற்குக் காது முளைத்தது. ஒத்தை ஆனை. ஒரு அவசரமும் இல்லாமல் பந்தலுக்குள் வந்து, அப்பா சாய்ந்திருந்த தூணின் வாழைமரத்தைத் தூணோடு பிடுங்கியது. மைக்கை யாரும் அணைக்கவில்லை. ஆனை வாழைத்தண்டை மெல்லுகிற சத்தம் பாக்ஸ் வழியாக மலை பூராவும் கேட்டது. அந்த வருஷம் கோயிலில் முழுசாக நடந்தேறிய ஒரே கச்சேரி அதுதான். பொங்கலையும் முடித்துவிட்டு, வந்த வழியே போயிற்று. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வேலியின் பேட்டரிப் பெட்டி இருந்த கம்பத்தை அது அடியோடு சாய்த்திருந்ததை விடிந்த பிறகு போய்ப் பார்த்தார்கள்.

ரேடியோவைப் பற்றி அப்பா அதன் பிறகு வாயே திறக்கவில்லை. கொழுந்து எடுக்கிற பேச்சும் போயிற்று. மாமா மட்டும் நானூறு ரூபாயோடு வந்தார். “பாட்டு பாதிதானே ஆச்சு? மிச்சத்தக் கமிட்டியில பேசித் தாறேன்.” அக்கா சிரித்துக்கொண்டே, “இருக்கட்டும் மாமா” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை உயிரைக் காப்பாற்றியவளுக்குப் பாதிக் கூலியா? ஏன் கேட்க மாட்டேன் என்கிறாய் என்று அவளை நச்சரித்தேன். அவள் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை.

அக்கா இப்போது கோயம்புத்தூரில் கீபோர்டுகளும் ஆம்பிளிஃபயர்களும் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன்; பள்ளிக்கூடம் போகிற பாதையில் ஆனை உண்டு, டக் கிடையாது. டப்பா என்னிடம்தான் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் இன்றைக்கும் ஒரு தடவை போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். முன்பு சிரித்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போது, “என்ன புள்ள, வேலி பேசுதா?” என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்கள்.

அவள் ஏன் கேட்கவில்லை என்பது எனக்குப் பல திருவிழாக்கள் கழித்துத்தான் புரிந்தது. வருஷா வருஷம் மாமா மைக்கைப் பிடித்து, “எங்க மருமகளுக்குக் கமிட்டி பாக்கி வச்சிருக்கு” என்று ஆரம்பிப்பார். என்ன பாக்கி என்று சொல்லாமல் இறங்க முடியாது. சொன்னால் டப்பா வரும், டக் வரும், ஆனை வரும், எம் பிள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும் என்ற அப்பாவின் குரலும் கூடவே வரும். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, புதிதாகக் கேட்பவள் போலக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன திருவிழாவில் புதுப் பொருளாளர் விவரம் தெரியாமல் அந்தப் பாக்கியைக் கவரில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். அக்கா பதறிப்போய் இரண்டு கையாலும் தள்ளிவிட்டாள். முந்நூற்று ஐம்பது ரூபாய் இன்னும் பாக்கி.