'அழைக்க' என்ற பொத்தான்

ரஞ்சினியின் வேலையைக் கொக்குவிலில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. மரண அறிவித்தல் போடும் இணையத்தளம் என்றால் தலையாட்டுவார்கள். அந்த அறிவித்தலை எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள், எதுவரை வாசிக்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள் என்று பார்ப்பதும் அவள்தான் என்றால், "செத்தவீட்டிலையும் கணக்கோ?" என்பார்கள். அவளுக்கும் அதே சலிப்புத்தான்.

தளத்தின் முதலாளி கிறிஸ்ரி ரொறன்ரோவில் இருந்தார். அவருக்கு எல்லாவற்றையும் எண்ண வேண்டும். 'டாக்' எனப்படும் சின்ன நிரல்துண்டைப் பக்கத்தில் ஒட்டினால் அது எண்ணிச் சொல்லும். ஒட்டவும் கழற்றவும் டாக் மனேஜர் என்றொரு கருவி உண்டு. முதலாளி நினைத்ததையெல்லாம் ரஞ்சினி ஒட்டினாள். கடைசியாக, துக்கவீட்டாரின் தொலைபேசி எண்களை மறைத்து 'அழைக்க' என்று பொத்தான் வைக்கச் சொன்னார். எண் வெளியே தெரிந்தால் ஆட்கள் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவார்களாம். பொத்தானை அமத்தினால்தான் எண்ணலாமாம். வைத்தாள். கணினியில் சரிபார்த்தாள். கைபேசியிலும் பார்த்திருக்க வேண்டும், அலுப்பு விடவில்லை. எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. முதலாளிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

ஒரு நாள் சாவகச்சேரியிலிருந்து அருளம்பலம் பஸ் பிடித்து ரஞ்சினியிடம் வந்தார். மனைவி குணலட்சுமியின் மரண அறிவித்தலை இந்தத் தளத்தில்தான் போட்டிருந்தார். இப்போது முப்பத்தோராம் நாள் நினைவு அறிவித்தலை எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

ரஞ்சினி வாசித்துப் பார்த்தாள். "ஐயா, முதல் அறிவித்தலிலை இருந்த மகன் சுதாகரன்ரை பேரை விட்டிட்டியள்."

"விடேல்லைப் பிள்ளை, எடுத்துப்போட்டன். தாய் செத்ததுக்கு ஒரு போன்கோல் எடுக்காதவன்ரை பேர் எனக்கென்னத்துக்கு?"

சுதாகரன் ஒரே மகன். நோர்வேயின் வடக்கில் ஏதோ ஓர் ஊர். கலியாணப் பேச்சில் தகப்பனோடு முறைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தியவன். அதன்பிறகு அருளம்பலத்தின் எண்ணும் மாறிவிட்டது. அவன் கூப்பிடுவதென்றால் அறிவித்தலைப் பார்த்துத்தான் கூப்பிட வேண்டும். குணலட்சுமி கடைசிவரை அவனைத்தான் கேட்டாளாம்.

ஆறுதலாக ஏதும் சொல்லலாமா என்று ரஞ்சினி முதல் அறிவித்தலின் எண்ணிக்கை அறிக்கையைத் திறந்தாள். நோர்வேயின் வடக்கிலிருந்து யாரோ அறிவித்தலைக் கடைசி வரிவரை வாசித்திருந்தார்கள். 'அழைக்க' பொத்தானை அமத்தியும் இருந்தார்கள். ஒரு தரமல்ல. செத்தவீடு நடந்த அன்று முழுவதும் திரும்பத் திரும்ப.

"ஐயா, உங்கடை போனை மேசையிலை வையுங்கோ."

தன் கைபேசியில் அதே பொத்தானை அமத்தினாள். அறிக்கையில் ஒன்று கூடியது. மேசையில் இருந்த போன் அடிக்கவில்லை. இன்னொரு தரம் அமத்தினாள். இன்னொன்று கூடியது. எண்ணுவதற்கு ஒட்டிய டாக், எண்ணிவிட்டு அழைப்பை அந்த இடத்திலேயே மறித்திருந்தது.

"பிழை என்னிலைதான் ஐயா. செத்தவீட்டண்டு ஆரோ நோர்வேயின்ரை வடக்கிலையிருந்து உங்களுக்குக் கோல் எடுக்கப் பார்த்திருக்கினம். இந்தப் பொத்தான் கோலை விடேல்லை. அது உங்கடை மகன்தான் எண்டு என்னாலை சொல்லேலாது."

அருளம்பலம் போனை மேசையிலிருந்து எடுத்தார்.

"அங்கை எங்களுக்கு வேறை ஆர் இருக்கினம்?" என்றார். "நான் அவனை ஊரெல்லாம் திட்டித் திரிஞ்சனான், பிள்ளை. பேரைப் போடுங்கோ. முதலாவதாப் போடுங்கோ."

போட்டாள். எல்லாப் பக்கங்களிலிருந்தும் அந்த டாக்கைக் கழற்றி, அவருடைய எண்ணை எல்லோருக்கும் தெரியும்படி முழுதாக எழுதினாள். இனி யார் கூப்பிட்டாலும் அவளுக்குத் தெரியவராது.

அறிவித்தல் வெளியான மறுநாள் கிறிஸ்ரி போன் எடுத்தார்.

"என்ன ரஞ்சினி, அழைப்பெல்லாம் பூச்சியமெண்டு காட்டுது? டாக்கைக் கழட்டிப்போட்டீரோ?"

"ஓம், கழட்டிப்போட்டன்."

"உடனை திருப்பிப் போடும். இல்லாட்டி நான் வேறை ஆளைப் பார்க்கிறன்."

"பாருங்கோ," என்று சொல்லி வைத்துவிட்டாள். சண்டை பிடிக்கக்கூட அவளிடம் தெம்பு இருக்கவில்லை.

திரையில் பூச்சியந்தான் இருந்தது. அருளம்பலத்துக்கு எடுத்துப் பார்த்தாள். லைன் பிஸி. தேத்தண்ணி போட்டு ஆறுதலாகக் குடித்து முடித்தபின் மறுபடி எடுத்தாள். அப்போதும் பிஸிதான்.